விரலுக்கு அடையாள அட்டை

அந்தக் குடியிருப்பில் எல்லா வீடுகளிலும் சுவிட்சுகள் ஒரே உயரத்தில் இருந்தன. கட்டடம் கட்டும்போது நலச் சங்கத்தின் முதல் தலைவர் சுவரருகே நின்று கையை நீட்டிக் காட்டினாராம். அவர் ஆறடிக்கு மேல். கை பட்ட இடத்தில் பென்சிலால் குறித்தார்கள். குறித்தது விதியானது. குள்ளமானவர்கள் எட்டிப் போட்டார்கள். குழந்தைகளுக்குப் பாதுகாப்பு என்று பிறகு காரணம் சேர்த்தார்கள்.

அக்காவுக்கு எட்டவில்லை.

பின்பக்கமாக வந்த ஒரு பேருந்து அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்திருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வேலை வீட்டிலேயே. கூட்டங்களிலும் விசாரணைகளிலும் பதிவுசெய்த பேச்சைக் காதில் மாட்டிக் கேட்டு, தட்டச்சு செய்து அனுப்புவாள். பேசியவர்களின் 'அதாவது'களையும் 'பார்த்தீங்கன்னா'க்களையும் நீக்கித் தருவது அவள் தொழில். நீக்கிய பிறகு சில பேச்சுகளில் எதுவும் மிஞ்சாது.

தம்பி மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். கடையைப் பூட்டிவிட்டு வர இருட்டிவிடும். அதுவரை அக்கா கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் இருப்பாள். ஒரே அறைதான் கூடம், அடுப்படி, அவளுடைய அலுவலகம். சங்கத்தின் கூட்ட அரங்கத்துக்கு நேர் மேலே இருந்ததால் வாடகை குறைவு. கூட்டம் நடக்கும் நாட்களில் பேச்சு தரை வழியாக மேலே வரும்.

ஒருநாள் தம்பி வந்து விளக்கைப் போட்டான். அக்காவின் பாவாடை நனைந்திருந்தது. இருட்டில் கெட்டிலை எடுத்திருக்கிறாள். வெந்நீர் தொடையில் கொட்டியிருக்கிறது. தோல் உரிந்திருந்தது.

"எப்பக்கா கொட்டுச்சு?"

"தெரியலடா. இப்பதான் பாக்கறேன்."

"வலிக்கலையா?"

"வலிச்சாத்தான் தெரிஞ்சிருக்குமே."

மருந்து போடும்போது அவள் வேறு பக்கம் பார்த்தாள். "லைட்ட போடுன்னு யார்கிட்டயும் சொல்லாம இருக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்," என்றாள்.

எளிய வழிகளை முன்பே பார்த்தாகிவிட்டது. துடைப்பக் கம்பால் தட்டிப் பார்த்தாள். சுவரில் கோடு விழுந்தது. ஆய்வுக்கு வந்த சங்கம் கோட்டுக்கு நோட்டீஸ் கொடுத்தது. மேசை விளக்கு வாங்கினார்கள். பிளக்கும் அதே உயரத்தில்தான். நீட்டிப்பு ஒயர் தீ ஆபத்து, தடை. வீட்டு வேலைக்கு வரும் பாத்திரக்காரம்மா மாலையில் கிளம்பும்போது விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள். வெயில் இருக்கும்போதே எரிகிறது என்று செக்யூரிட்டி கீழிருந்து பார்த்து எழுதினார். மின் சிக்கனத்துக்குச் சங்கம் கேடயம் வாங்க முயன்றுகொண்டிருந்த காலம் அது. பகல் விளக்குக்கு அபராதம்.

தம்பி எலக்ட்ரிக் கடைக்குப் போனான்.

"போன்ல அழுத்தினா லைட் எரியணும். விலை கம்மியா இருக்கணும்."

கடைக்காரர் நான்கு பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். "சொந்த வீடா, வாடகையா?"

"வாடகை."

முதல் பெட்டியைத் திரும்ப எடுத்துவைத்தார். "அது சுவத்த ஒடைக்கிற சமாச்சாரம். கட்டடம் புதுசா, பழசா?"

"பழசு."

இரண்டாவதும் உள்ளே போனது. "சுவிட்சுக்குப் பின்னாடி மாட்டறது. அதுக்கு இன்னொரு ஒயர் வேணும். பழைய கட்டடத்துல இருக்காது. இது ஸ்மார்ட் பல்பு. ஆனா சுவிட்ச் எப்பவும் போட்டே இருக்கணும். வீட்ல யாராவது பழக்கதோஷத்துல அணைச்சிட்டா அன்னிக்கு அவ்வளவுதான். அப்படி யாராவது இருக்காங்களா?"

"நான்தாங்க."

மூன்றாவதும் போனது. மிஞ்சியது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை டப்பா. அடியில் பசை. முன்னால் நாக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு.

"விரல்னு சொல்லுவோம். சுவிட்ச் பக்கத்துல ஒட்டிடுங்க. போன்ல அழுத்தினா நாக்க நீட்டி சுவிட்ச அழுத்தும். போடும், அணைக்கும். ஒயர் இல்ல, ஆணி இல்ல. வீட்ட காலி பண்றப்ப பிச்சு எடுத்துட்டுப் போய்ட்டே இருங்க. வாடகை வீட்டுக்காரங்களுக்காகவே பொறந்தது."

விலை ஒரு ஜோடி நல்ல செருப்பு அளவு. தம்பி தன் செருப்பைப் பார்த்தான். இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று பட்டது. வாங்கிவிட்டான்.

அன்று மாலை அக்கா போனை அழுத்தினாள். விரல் நாக்கை நீட்டியது. டக். வெளிச்சம். மறுபடி அழுத்தினாள். டக். இருட்டு. மறுபடி. மறுபடி.

"போதும்க்கா. பசை விட்டுடப் போகுது."

"இன்னும் ஒரு தடவைடா."

விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

காலையில் கதவிடுக்கில் நோட்டீஸ் இருந்தது. மேற்படி வீட்டில் விளக்கு அசாதாரணமாக மினுங்கியது குறித்து நேரில் விளக்கம் தரவும்.

*

சங்க அலுவலகத்தில் நாற்காலிகள் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மட்டும். வாடகைக்காரர்கள் நிற்கலாம். தம்பி நின்றான்.

எதிரே செயலாளர். ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தில் மற்றவர்களுக்கு நேர மேலாண்மை பற்றி வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பக்கத்தில் துணைத் தலைவர். குடியிருப்பில் எல்லாரும் அவரை உட்பிரிவு என்றுதான் சொல்வார்கள். விதிகள் முழுவதும் அவருக்கு மனப்பாடம். விதி இல்லாத விஷயங்களில் அவருக்குக் கருத்து இல்லை. மழை வருமா என்று கேட்டால்கூட யோசிப்பார்.

செயலாளர் விரலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல பொருள்தான். நாங்க எதுக்கும் எதிரி இல்ல. யாரோட வசதிக்கும் எதிரி இல்ல. ஆனா பாருங்க, ஒருத்தருக்கு வசதி செஞ்சு குடுத்தா, நாளைக்கு இன்னொருத்தர் வந்து வசதி கேப்பார். அப்புறம் எல்லாரும் வசதியா இருப்பாங்க. சங்கம் எதுக்கு?"

"எங்கக்காவுக்கு சுவிட்ச் எட்டலைங்க."

"உயரம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுல நாங்க பாரபட்சமே காட்டல."



"ஓனர் சம்மதம் இருக்கா?" என்றார் உட்பிரிவு.

தம்பி வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் செய்தான். அவர் வேறு ஊரில் இருந்தார். வாடகை வரும் தேதி தவிர மற்ற நாட்களில் அவருக்கு இந்த வீடு ஞாபகம் இருப்பதில்லை.

"சங்கம் சரின்னா எனக்குச் சரி தம்பி. எழுத்துல வாங்கி அனுப்புங்க."

"ஓனர் சரின்னா எங்களுக்குச் சரி," என்றார் செயலாளர். "எழுத்துல வாங்கிட்டு வாங்க."

"யாராவது ஒருத்தர் மொதல்ல எழுதணுமேங்க."

"அது உங்க ரெண்டு பேருக்குள்ள."

உட்பிரிவு கண்ணை மூடியிருந்தார். தூக்கம் என்று தம்பி நினைத்தான். விதி தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு வழி இருக்கு. வீட்டு மின்சாதனங்களைக் குடியிருப்பவரோ அவர் அமர்த்திய பணியாளரோ மட்டுமே இயக்க வேண்டும். இந்த விரல் உங்க வீட்ல குடியிருக்கா?"

"குடியிருக்கிறதுன்னா?"

"வாடகை ஒப்பந்தத்துல பேர் இருக்கா?"

"இல்லைங்க."

"உங்க சொல் பேச்சுக் கேட்டு வேலை செய்யுது. சாப்பாடு மாதிரி பேட்டரி போடறீங்க. அப்ப அது பணியாளர். பணியாளர் வச்சுக்க ஓனர் சம்மதம் தேவையில்ல. பதிவு பண்ணினா போதும்."

தம்பிக்குக் கால் வலித்தது. கடைக்கு நேரமாகிவிட்டது.

"சரிங்க. பணியாளர்னே வச்சுக்கோங்க," என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்துக்கொண்டான்.

*

பதிவு விண்ணப்பத்தில் பெயர் என்ற இடத்தில் விரல் என்று எழுதினான். முந்தைய முதலாளி, எலக்ட்ரிக் கடைக்காரர். இதற்கு முன் திருட்டு வழக்கு உண்டா, இல்லை. மதுப் பழக்கம், இல்லை. உறவினர் யாராவது இதே குடியிருப்பில் வேலை செய்கிறார்களா என்ற கேள்வியில் கொஞ்சம் தயங்கினான். இல்லை என்றே எழுதினான்.

புகைப்படம் தேவை. போட்டோ ஸ்டுடியோக்காரர் எதையும் கேட்டுக்கொள்ளாதவர். விரலை ஸ்டூலில் வைத்து, வெள்ளைத் துணியைப் பின்னால் இழுத்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் குனிந்தார்.

"கொஞ்சம் இடது பக்கம் திருப்பி வைங்க. ஆங். ஆடாம இருக்கு, நல்ல பிள்ளை."

படம் நிராகரிக்கப்பட்டது. இரு காதுகளும் தெரிய வேண்டும்.

"அதுக்குக் காது இல்லைங்க," என்றான் தம்பி.

"அப்ப நீங்க சொல்றது அதுக்கு எப்படிக் கேக்குது?" என்றார் செயலாளர். தான் புத்திசாலித்தனமாகக் கேட்டுவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அந்த மகிழ்ச்சியில் படத்தை அனுமதித்தார்.

தொற்று நோய் இல்லை என்ற சான்றிதழை எலக்ட்ரிக் கடைக்காரர் தன் பில் தாளிலேயே எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு வருட கேரண்டியும் எழுதினார். பாத்திரக்காரம்மாவுக்கு அப்படி யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

கடைசியில் கைரேகை. செக்யூரிட்டி மை அட்டையைத் திறந்தார். விரலின் நாக்கை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினார். வட்டமாக ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது.

"கோடே இல்லையே சார்," என்றார் உள்ளே பார்த்து.

"பாத்திரம் தேய்க்கிறவங்களுக்கும் கோடு அழிஞ்சுதான் இருக்கும். வாங்கிக்கோ," என்றார் உட்பிரிவு.

விரலுக்கு அடையாள அட்டை கிடைத்தது. நீல நாடாவில் கோத்து, பணி நேரத்தில் எப்போதும் அணிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தம்பி அட்டையை விரலின் மேல் மாட்டினான். அட்டையின் கனத்தில் விரல் சுவரைவிட்டு விழுந்தது. மறுபடி ஒட்டினான். மறுபடி விழுந்தது. பிறகு சுவருக்கும் அட்டைக்கும் நடுவே சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டினான்.

அதற்கு முன்பே, முதல் நாள் பணிக்கு வருவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. லிஃப்ட் அருகே செக்யூரிட்டி கையை நீட்டினார்.

"நீங்க ஏறுங்க சார். அது படியில வரணும். பணியாளருக்கு லிஃப்ட் இல்ல."

"அது என் சட்டைப் பையில இருக்கு."

"அதனாலதான் சொல்றேன். ரெண்டு பேரும் ஒண்ணா போக முடியாது."

"தனியா எப்படிங்க அது படி ஏறும்?"

செக்யூரிட்டிக்குத் தர்மசங்கடமாக இருந்தது. மெல்லச் சொன்னார். "சார், எனக்கும் புரியுது. மேல கேமரா இருக்கு. படியில போய்டுங்க."

தம்பி படியில் ஏறினான். எதிரே துணிப்பையோடு இறங்கிக்கொண்டிருந்த பாத்திரக்காரம்மா நின்றாள்.

"லிஃப்ட் ரிப்பேரா?"

"இல்ல, இதுக்குப் படிதானாம்," என்று விரலைக் காட்டினான்.

அவள் சிரித்துச் சிரித்துக் கைப்பிடியில் சாய்ந்துவிட்டாள். "நான் ஒருத்தியா ஏறிட்டு இருந்தேன். இப்ப துணைக்கு ஆள் வந்தாச்சு."

*

அன்று சூரியன் இறங்கும் நேரத்தில் அக்கா விளக்கைப் போடுவதற்காகப் போனை எடுத்தாள். அழைப்பு மணி அடித்தது. கதவு திறந்துதான் இருந்தது. செக்யூரிட்டி.

"பணியாளர் எல்லாம் ஆறு மணிக்கு வெளிய போகணும்மா."

"அவங்க அப்பவே போய்ட்டாங்களே."

செக்யூரிட்டி சுவரைப் பார்த்தார்.

அக்காவும் பார்த்தாள்.

"என்னை மன்னிச்சுடுங்கம்மா," என்று சொல்லிவிட்டு அவர் விரலைப் பிய்த்தெடுத்தார். வெளியேறும் பணியாளரின் உடைமைகளைச் சோதிக்க வேண்டும். பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தார். பேட்டரி இருந்தது. மூடினார். போகும்போது விளக்கைப் போட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டார்.

"வேண்டாங்க. இன்னும் வெயில் இருக்கு. நீங்களே எழுத வேண்டியிருக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அதன் பிறகு தினமும் அப்படியே நடந்தது. விரல் காலையில் வரும். பகல் முழுவதும் சுவரில் அட்டையோடு இருக்கும். பகலில் விளக்குப் போட்டால் அபராதம். இருட்டத் தொடங்கும்போது விரல் கிளம்பிவிடும்.

பாத்திரக்காரம்மா இதைக் கொஞ்சநாள் வேடிக்கை பார்த்தாள். "பரவால்ல கண்ணு, இது சம்பளம் கேக்கலல்ல?" என்றாள்.

"கேக்கல."

"லீவு?"

"தினமும் லீவுதான்."

"குடுத்து வச்ச பொறப்பு."

தம்பி மறுபடி சங்கத்துக்குப் போனான். மறுபடி நின்றான்.

"சார், எங்களுக்கு ராத்திரிலதான் அது வேணும்."

"அப்படிச் சொல்லாதீங்க," என்றார் செயலாளர். குரலில் உண்மையான கவலை இருந்தது. "ராத்திரில வெளியாள் உள்ள இருந்தா எங்களுக்குத் தூக்கம் வராது. இவங்க நமக்குச் சமைக்கிறாங்க, நம்ம குழந்தைங்களைத் தூக்கி வச்சுக்கிறாங்க, வீட்டுச் சாவியே அவங்க கையிலதான் இருக்கு. எல்லாம் நம்பிக்கைதான். ஆனா ஆறு மணிக்கு மேல நம்பக் கூடாது. அனுபவத்துல சொல்றேன்."

"இது பிளாஸ்டிக் சார்."

"நான் பிளாஸ்டிக், மனுஷன்னு பேதம் பாக்கிறவன் இல்ல."

உட்பிரிவு ஆமோதித்தார்.

"எங்கக்கா இருட்டுல வெந்நீரக் கொட்டிக்கிட்டாங்க. கொட்டினதுகூட அவங்களுக்குத் தெரியல," என்றான் தம்பி. இதைச் சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் வந்திருந்தான்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பி தேய்த்த லென்ஸ்தான்.

"உங்க அக்கா மேல சங்கத்துக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? நாங்க அடிக்கடி பேசிக்குவோம். அப்படி ஒரு நிலைமைலயும் ஒரு தொந்தரவு கிடையாது. புகார் கிடையாது. கீழ இறங்கி வந்ததே கிடையாது."

"வாசல்ல படி இருக்கு சார். சாய்தளம் இல்ல. அதான் வரல."

"பாத்தீங்களா? அதான் சொல்றேன், எவ்வளவு அமைதியான குடித்தனம்."

 தம்பிக்கு வேறு எதையாவது கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியவில்லை.

"ராத்திரி செக்யூரிட்டி அத மேசை டிராயர்ல போடறார். பசையில தூசி ஒட்டி இப்ப சுவத்துல நிக்கவே மாட்டேங்குது. அதையாவது கொஞ்சம் சுத்தமா வைக்கச் சொல்லுங்க."

உட்பிரிவு கண்ணை மூடித் திறந்தார். "பாதுகாப்புக்காகப் பெறப்பட்ட பொருளைப் பெற்ற நிலையிலேயே வைத்திருந்து திருப்பித் தர வேண்டும். அவர் சொல்றது நியாயம். பெற்ற நிலை என்ன?"

"சுவிட்ச் பக்கத்துல ஒட்டியிருந்தது," என்றார் வாசலில் நின்ற செக்யூரிட்டி.

"அப்ப சுவிட்ச் பக்கத்துலதான் ஒட்டி வைக்கணும்."

செயலாளர் தாராளமாகக் கையை விரித்தார். "என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும். கூட்ட அரங்கத்துல மேடை பக்கத்துல மெயின் லைட் சுவிட்ச் இருக்கு பாருங்க, அங்க ஒட்டுங்க. இனிமே அதுக்குப் பொறுப்பாளர் நீங்கதான். நீங்க கையெழுத்துப் போடாம யாரும் அதத் தொடக் கூடாது. போதுமா? சங்கம் எதுவும் செய்யலன்னு நாளைக்குச் சொல்லிடாதீங்க."

தம்பி நன்றி சொன்னான். வெளியே வரும்போது எதற்கு நன்றி சொன்னோம் என்று யோசித்தான்.

வீட்டில் அக்காவிடம் நடந்ததைச் சொன்னான். அவள் தட்டச்சு செய்துகொண்டே கேட்டாள். பிறகு நிறுத்தினாள்.

"எங்க ஒட்டியிருக்காங்க?"

"கீழ அரங்கத்துல. மேடை சுவிட்ச்ல."

அவள் தரையைப் பார்த்தாள். மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

*

ஆண்டு விழா வந்தது. முன்மாதிரிக் குடியிருப்புக் கேடயத்துக்காக நலச் சங்கங்களின் கூட்டமைப்பிலிருந்து நடுவர்கள் வந்திருந்தார்கள். மாலை மங்கிய பிறகு நிகழ்ச்சி தொடங்கியது. தம்பி கடையில் இருந்தான். அக்கா மேலே இருட்டில், அன்றைக்கான வேலையை முடித்துவிட்டு, காதில் மாட்டியதைக் கழற்றி வைத்திருந்தாள். செயலாளரின் குரல் தரை வழியாக வந்தது.

"அதாவது, மனிதநேயம்தான் நம் சங்கத்தின் அடித்தளம். பார்த்தீங்கன்னா, பல குடியிருப்புகள்ல வாடகைக்கு இருக்கிறவங்களை மதிக்கிறதில்ல. இங்க அவங்க நிக்கிறதுக்குன்னே தனி இடம் ஒதுக்கியிருக்கோம்."

கைதட்டல்.

"அதாவது, பணியாளர் நலன். பார்த்தீங்கன்னா, அவங்க பைகளை நாங்க தினமும் சோதிக்கிறோம். எதுக்கு? அவங்க நேர்மையானவங்கன்னு தினமும் நிரூபிக்க ஒரு வாய்ப்பு. வேற எந்த நிறுவனம் குடுக்குது?"

கைதட்டல்.

அக்கா பழக்கத்தில் மனசுக்குள் 'அதாவது'களை நீக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்ப எங்களோட புதிய சாதனை. இதோ சுவிட்ச் பலகைல பாருங்க. ஸ்மார்ட் விரல். மாற்றுத்திறனாளிகள் யார் தயவும் இல்லாம விளக்கு போட்டுக்கணும்கிறதுக்காக நம் சங்கமே சிந்திச்சு அறிமுகப்படுத்தினது. இதனால பயனடைஞ்ச ஒரு சகோதரி நமக்கு நேர் மேலதான் இருக்காங்க. இந்த நேரத்துல அவங்க வீட்ல எப்படி ஒரு வெளிச்சம் இருக்கும்னு நினைச்சுப் பாருங்க!"

அக்கா மடியில் இருந்த போனை எடுத்தாள். வெளிச்சம் என்று அந்த அறையில் அதுதான் இருந்தது. அழுத்தினாள்.

கீழே டக் என்ற சத்தம் கேட்கவில்லை. ஆனால் பேச்சு நின்றது.

"லைட்ட போடுங்கப்பா!"

நாற்காலிகள் உரசின. யாரோ போட்டார்கள் போலிருந்தது. பேச்சு மறுபடி தொடங்கியது. அவள் மறுபடி அழுத்தினாள். பேச்சு மறுபடி நின்றது. அவர்கள் போடப் போட அவள் அணைத்தாள்.

"அந்த விரலைப் பிச்சு எறிங்கய்யா!" இது யாரோ ஒரு சொந்தக்காரர்.

"யாரும் தொடக் கூடாது!" இது உட்பிரிவு. குரல் கணீரென்று வந்தது. "பாதுகாப்பில் உள்ள பொருள். பொறுப்பாளர் கையெழுத்து வேணும். நடுவர்கள் முன்னாடி நாமளே விதிய மீறலாமா?"

"கையெழுத்துப் போடறவன் எங்க?"

"கண்ணாடிக் கடையில."

கொஞ்ச நேரம் கீழே எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பிறகு அக்காவின் போன் ஒலித்தது.

"அம்மா, செயலாளர் பேசறேன். கொஞ்சம் லைட்ட போடுங்கம்மா."

அந்த வாக்கியத்தை இன்னொருவர் வாயிலிருந்து கேட்க அவளுக்கு விநோதமாக இருந்தது. 

"முடியாதே சார். ஆறு மணி ஆயிடுச்சு. இனிமே பணியாளர் வேலை செய்யக் கூடாது."

"அணைக்கத் தெரியுதே!"

"வீட்டுக்குக் கிளம்பறப்ப லைட்ட அணைச்சுட்டுப் போறது வழக்கம்தானே சார். மின் சிக்கனம்."

செயலாளர் போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ பேசினார். உட்பிரிவின் குரல் தரை வழியாகவும் போன் வழியாகவும் வந்தது. அவசரத் தீர்மானத்துக்கு விதியில் இடம் உண்டு. முன்மொழிந்தார்கள். வழிமொழிந்தார்கள். இருட்டில் கை தூக்கினார்கள். யார் தூக்கினார்கள், யார் தூக்கவில்லை என்று தெரியவில்லை. ஏகமனதாக என்று அறிவித்தார்கள்.

"தீர்மானம் நிறைவேறியாச்சும்மா. விரல் இனிமே ராத்திரியும் உங்க வீட்லயே இருக்கலாம். அட்டை வேண்டாம். படி ஏற வேண்டாம். இப்ப போடுங்க."

"எழுத்துல குடுத்துடுங்க சார்."

"இருட்டுல எப்படிம்மா எழுதறது?"

"நான் அப்படித்தான் சார் தினமும் எழுதறேன். கொஞ்சநாள்ல பழகிடும்."

கீழே அமைதி. அப்படி ஒரு அமைதி அந்தத் தரை வழியாக அவளுக்கு இதுவரை வந்ததில்லை. அதை நீக்க வேண்டியிருக்கவில்லை.

செக்யூரிட்டி படியேறி வந்தார். கையில் தாள். எழுத்து மேலும் கீழும் போய் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. அக்கா போன் வெளிச்சத்தில் முழுவதும் படித்தாள். படித்து முடிக்கும்வரை செக்யூரிட்டி வாசலில் நின்றார். அவசரப்படுத்தவில்லை. அவர் முகம் இருட்டில் தெரியவில்லை. ஆனால் சிரிக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

அழுத்தினாள். கீழே "அப்பாடா" என்றார்கள்.

கேடயம் அந்தக் குடியிருப்புக்கே கிடைத்தது. மின் சிக்கனத்தைப் பேசுவதோடு நிற்காமல் விழாவிலேயே செய்து காட்டிய துணிச்சலை நடுவர்கள் தனியாகக் குறிப்பிட்டார்கள். செயலாளர் அது நீண்டநாள் திட்டம் என்றார்.

தீர்மானத்தின் சுத்தப் பிரதி மறுநாள் அறிவிப்புப் பலகையில் வந்தது. மாலை ஆறு மணி விதியும் படிக்கட்டு விதியும் தளர்த்தப்படுகின்றன. கீழே, உட்பிரிவின் கையெழுத்தில், ஒரு வரி சேர்ந்திருந்தது. இச்சலுகை மனிதர் அல்லாத பணியாளர்களுக்கு மட்டும்.

அன்று மாலை பாத்திரக்காரம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு துணிப்பையை எடுத்தாள். சுவரில் இருந்த விரலை ஒரு தடவை பார்த்தாள்.

"நீ இரு சாமி. உனக்கென்ன, பெரிய மனுஷன் ஆயிட்ட," என்று அதனிடம் சொன்னாள். "வரேன் கண்ணு."

"ஏம்மா, லிஃப்ட்ல போயேன். என்ன பண்ணிடுவாங்க?"

"கேமரா இருக்கு."

படிகளில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. அக்கா சன்னல் பக்கம் நாற்காலியை உருட்டினாள். கீழே வாயிலில் பாத்திரக்காரம்மா துணிப்பையைத் திறந்து பிடித்திருந்தாள். மழை மேகம் மூடி வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. செக்யூரிட்டிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தார்.

அக்கா போனை எடுத்து அழுத்தினாள். சன்னல் வெளிச்சம் கீழே பை வரைக்கும் போய் விழுந்தது. பையில் ஒரு டிபன் பாக்ஸும் மாற்றுப் புடவையும் இருந்தன.

அக்கா அணைத்துவிட்டாள். பாத்திரக்காரம்மா தெருவில் திரும்பும்வரை இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு போட்டுக்கொண்டாள்.